எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்: சேரும் முன் லேப் ஃப்ரிட்ஜைத் திறந்து பாருங்கள்

எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் சேரலாமா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு யோசனைதான் இருக்கிறது. எந்தக் கல்லூரியில் சேரப் போகிறீர்களோ அங்கே போய் துறையின் லேபைக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே ஒரு ஃப்ரிட்ஜ் இருக்கும், அதைத் திறந்து பாருங்கள். தேதி எழுதி லேபிள் ஒட்டிய தண்ணீர் பாட்டில்கள் அடுக்கியிருந்தால் தைரியமாகப் பணம் கட்டலாம். நான் சேர்ந்த இடத்தில் அந்த ஃப்ரிட்ஜுக்குள் ஒரு மோர்ப் பாத்திரமும், ஒரு டிபன் பாக்ஸும், யாரோ ரிட்டையர் ஆன அன்று வெட்டிய கேக்கின் மிச்சமும் இருந்தன. அதை நான் பார்த்தது சேர்ந்து மூன்று மாதம் கழித்து. அதற்குள் முதல் செமஸ்டர் ஃபீஸ் கட்டியாயிற்று.

பெயரைச் சொல்லப் போவதில்லை. கன்னியாகுமரி மாவட்டம், ஒரு கல்லூரியின் சுயநிதிப் பிரிவு, 2023 முதல் 2025 வரை இரண்டு வருடம், இது போதும். எனக்கு வர வேண்டிய ஒரு சர்டிபிகேட் இன்னும் அந்த ஆபீஸ் அலமாரியில்தான் கிடக்கிறது, அதை வாங்கும்வரை வாயை அடக்கித்தான் ஆக வேண்டும். அதோடு, நெட் பரீட்சைக்குப் படிக்கும்போது பழக்கமான வெளியூர்ப் பிள்ளைகளிடம் பேசிப் பார்த்தால் பாதிப் பேர் இதே கதையைச் சொல்கிறார்கள். அதனால் இதை ஒரு கல்லூரியைப் பற்றிய புகாராக எடுக்காமல் இந்தப் படிப்பைப் பற்றிய மதிப்புரையாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் குளச்சல் பக்கம் ஒரு கடற்கரை ஊர். அப்பா வள்ளத்தில் போகிறவர். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தேன், அடுத்து எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்குத்தான் விண்ணப்பம் போடுவதாக இருந்தது. ஒக்கி புயல் அடித்த 2017 நவம்பர் 30 அன்று நான் பத்தாம் வகுப்பு, அதற்கு அப்புறம் கடல், காற்று, மணல் என்று எந்தப் பேச்சு வந்தாலும் காது அங்கேயே போய்விடும், அந்தப் பழக்கத்தில் எடுத்த முடிவு இது. யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை. கடைசி வருடம் பி.எஸ்சி. படிக்கும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வந்துகொண்டிருந்தது, அது பட்டப்படிப்பு முடியும்வரைதான், பி.ஜி.க்குக் கிடையாது. இதைக்கூட சேர்ந்த பிறகுதான் யோசித்தேன். பஸ் மட்டும் இலவசம், அந்தப் புண்ணியத்தில் இரண்டு வருடம் ஓடியது.

வீட்டிலும் ஊரிலும் முதலில் சமாளிக்க வேண்டியது "ஈ.வி.எஸ்.ஸா? அது எல்லாரும் பாஸ் ஆகிற பேப்பர்தானே" என்கிற கேள்வி. எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் பாடத்தைக் கட்டாயமாக்கச் சொன்னதன் விளைவாகத்தான் பி.காம். படிக்கிறவரும் பி.ஏ. தமிழ் படிக்கிறவரும் இளங்கலையில் அந்தப் பேப்பரை எழுதுகிறார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் நான் பார்த்தவரை அதை நடத்துகிறவர் அந்த வாரம் யாருக்கு பீரியட் குறைவோ அவர். அதை மனப்பாடம் பண்ணி எழுதி பாஸ் ஆன தலைமுறைக்கு, இதையே எம்.எஸ்சி.யாகப் படிக்கிறேன் என்றால் சிரிப்பு வருவது இயல்பு. என் சித்தி மட்டும் "மரம் நடுற படிப்பா?" என்று கேட்டாள். இரண்டு வருடத்தில் நாங்கள் மூன்று தடவை மரம் நட்டோம், மூன்றும் போட்டோவுக்காக, மூன்றும் ஒரே குழியில் என்றுகூடச் சொல்லலாம்.

உண்மையில் படிப்பு அகலமானது. வேதியியல், சூழலியல், நுண்ணுயிரியல், நிலவியல், வானிலை, புள்ளியியல், சட்டம், தொலையுணர்வு எல்லாம் வரும். எங்கள் வகுப்பில் பதினொரு பேர், கெமிஸ்ட்ரி நான்கு, விலங்கியல் நான்கு, தாவரவியல் இரண்டு, புவியியல் ஒருத்தி. முதல் செமஸ்டரில் எல்லாருக்கும் ஏதாவது ஒன்று புரியாது, அதனால் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தோம், அந்த மூன்று மாதம்தான் வகுப்பறையில் உருப்படியாக நடந்த காலம். மோலாரிட்டியை நான் சொல்லிக்கொடுத்தேன், பறவைகளை விலங்கியல் பிள்ளைகள் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாம் செமஸ்டரிலிருந்து பி.பி.டி. வந்துவிட்டது. மிஸ் ஸ்லைடைப் படிப்பார், நாங்கள் ஸ்லைடை போட்டோ எடுப்போம்.

இப்போது லேபுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தப் படிப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது. பி.ஓ.டி. என்று ஒரு சோதனை உண்டு. கழிவு கலந்த தண்ணீரில் பாக்டீரியா அந்தக் கழிவைத் தின்ன எவ்வளவு ஆக்சிஜனைக் குடிக்கிறது என்று பார்ப்பது. வெளிநாட்டுப் புத்தகத்தில் 20 டிகிரியில் 5 நாள் என்று போட்டிருப்பார்கள், நம் நாட்டு முறையில் 27 டிகிரியில் 3 நாள், நம் வெயிலுக்கு அதுதான் சரி. மூன்று நாளும் இன்குபேட்டருக்குள் வெப்பம் மாறாமல் இருக்க வேண்டும். எங்கள் இன்குபேட்டரில் சிவப்பு விளக்கு எரியும், கையை உள்ளே விட்டால் வெளியே இருக்கிற அதே வெக்கை. இரண்டு வருடத்தில் அது ஒரு நாள்கூட 27-இல் நின்றதில்லை. ஆனால் எங்கள் ரெகார்டு நோட்டில் பி.ஓ.டி. மதிப்பு இருக்கிறது, அழகாக, இரண்டு தசமத்தோடு. சீனியர் நோட்டில் இருந்ததைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து எழுதியது. சீனியர் அவருடைய சீனியரிடம் வாங்கியிருப்பார். அந்த எண்ணுக்கு எந்த வருடம் எந்தத் தண்ணீர் மூலம் என்று கடவுளுக்குத்தான் தெரியும். நானும் எழுதினேன், கையெழுத்தும் வாங்கினேன், பிராக்டிகலில் 92 மதிப்பெண். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மதிப்புரை என்று எழுத உட்கார்ந்த பிறகு எதை மறைப்பது.

கரைந்த ஆக்சிஜன் அளப்பது மட்டும் நன்றாக வந்தது, ஏனென்றால் அதற்கு மெஷின் வேண்டாம், நாலைந்து ரசாயனமும் ஒரு ப்யூரெட்டும் போதும். விங்க்லர் முறை. 300 மில்லி பாட்டிலில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் பிடித்து, மாங்கனஸ் சல்பேட்டும் அல்கலி அயோடைடும் விட்டால் பழுப்பு நிறத்தில் வீழ்படிவு சுருண்டு இறங்கும். தண்ணீரில் ஆக்சிஜன் இல்லையென்றால் அது வெள்ளையாகவே நிற்கும், அந்த இடத்திலேயே பாதி விடை தெரிந்துவிடும். பிறகு அமிலம் விட்டுக் கரைத்து, தயோசல்பேட்டால் டைட்ரேட் பண்ணி, வைக்கோல் நிறம் வந்ததும் ஸ்டார்ச் விட்டால் நீலம், அது சட்டென்று மறைகிற சொட்டில் நிறுத்த வேண்டும். கெமிஸ்ட்ரி படித்த எனக்குப் புதிது ஒன்றுமில்லை, ஆனாலும் முதல் தடவை ஒரு குளத்துத் தண்ணீரில் அந்தப் பழுப்பு இறங்குவதைப் பார்த்தபோது வேறு மாதிரி இருந்தது.

பஸ் விவகாரத்தைச் சொன்னால்தான் இந்தப் படிப்பு எங்கே கோட்டை விடுகிறது என்று புரியும். களப்பயணத்துக்குக் கல்லூரி பஸ் வேண்டும். அந்த பஸ் காலையில் பிள்ளைகளை ஏற்றி வந்து இறக்கிவிட்டு, டிரைவர் சாயா குடித்து, டீசல் சீட்டுக்குக் கையெழுத்து வாங்கிக் கிளம்பும்போது மணி பதினொன்று. குளத்தங்கரையில் போய் இறங்கும்போது பதினொன்றரை. அந்த நேரத்தில் வெயிலில் பாசி மும்முரமாக ஒளிச்சேர்க்கை செய்துகொண்டிருக்கும், தண்ணீரில் ஆக்சிஜன் ஏறிக்கொண்டே போகும். ராத்திரி முழுக்க எல்லா உயிரும் மூச்சு விட்டு அதைக் குறைத்துவைத்திருப்பது விடியற்காலையில்தான் தெரியும். அதனால் எங்கள் துறை அளந்த கணக்குப்படி இந்த மாவட்டத்தில் ஒரு குளத்துக்கும் ஒரு நோயும் இல்லை. பஸ் அப்படி.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது வகுப்பறை இல்லை. இரண்டாம் வருடம் ஒரு குளத்தங்கரையில் (மீன் குத்தகைக் குளம், பெயர் வேண்டாம்) நாங்கள் பாட்டிலோடு நின்றபோது குத்தகைக்காரர் அண்ணாச்சி ஒருவர் வந்து, "மக்களே, குப்பியில தண்ணிய அடச்சி என்ன செய்யப் போறிய?" என்று கேட்டார். ஆக்சிஜன் பார்க்கிறோம் என்றோம். "அதுக்கு இந்நேரம் வந்தா எப்படி? விடியக்காலம் வாங்க, மீனு பூரா மேல வந்து வாயைப் பொளந்துகிட்டு நிக்கும்" என்றார். நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பாடத்தில் படித்திருக்கிறோம், பகல் இரவு ஏற்ற இறக்கம் என்று படம் போட்டு ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதியும் இருக்கிறோம், ஆனால் அதற்கும் நாங்கள் பதினொன்றரைக்கு வந்து நிற்பதற்கும் முடிச்சுப் போட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

என் ஆய்வேடு அங்கிருந்துதான் வந்தது. அதே குளம், இருபத்துநாலு மணி நேரம், மூன்று மணிக்கு ஒரு தடவை தண்ணீர் எடுப்பது. ராத்திரி குளத்தங்கரையில் பொம்பளைப் பிள்ளையைத் தனியாக விட அம்மா சம்மதிக்கவில்லை, அப்பா துணைக்கு வந்தார், கடலில் ராத்திரி கண் விழித்துப் பழகியவர், என்னைவிட நன்றாக விழித்திருந்தார், டார்ச் பிடித்தார், கடைசியில் ப்யூரெட்டில் அளவு வாசிப்பதே அவர்தான். சாம்பிள் வைக்க ஐஸ் பெட்டி கேட்டால் துறையில் இல்லை, அப்பா துறைமுகத்தில் மீன் அனுப்புகிற தெர்மோகோல் பெட்டியையும் ஐஸையும் கொண்டுவந்தார். ஆய்வேடு முழுக்க நெத்திலி வாசம் என்று தோழிகள் கிண்டல் பண்ணினார்கள். விடியற்காலை அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே, மதியம் 9-ஐத் தாண்டியது. 30 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீர் தானாகப் பிடித்துவைக்கிற ஆக்சிஜனே 7.5 அளவுதான், அதற்கு மேலே போனால் பாசியின் வேலை என்று அர்த்தம். உரம் கலந்து வருகிற தண்ணீர், பச்சைக் குழம்பாக நிற்கிற குளம், காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. பி.ஓ.டி.க்கு மட்டும் வேறொரு கல்லூரியின் விலங்கியல் துறையில் கெஞ்சி அவர்கள் இன்குபேட்டரில் வைத்தேன்.

என் வகுப்பில் இப்படிச் செய்தது மூன்று பேர். மீதிப் பேரில் சிலர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற டிடிபி கடையில் ஸ்பைரல் பைண்டிங்கோடு சேர்த்து 4,500 ரூபாய்க்கு ஆய்வேடு வாங்கினார்கள். குளத்தின் பெயரை மட்டும் மாற்றிக் கொடுப்பார்கள். வைவாவில் அவர்களுக்கும் எனக்கும் இரண்டு மதிப்பெண் வித்தியாசம், அதுவும் அவர்களுக்குத்தான் கூடுதல், பைண்டிங் நன்றாக இருந்தது.

சட்டப் பேப்பர் எனக்குப் பிடித்தது. நடத்திய சார் ஒரு கௌரவ விரிவுரையாளர், மூன்று மாதத்துக்கு ஒரு முறை சம்பளம் வாங்குகிறவர், ஆனால் நோட்டுப் பார்க்காமல் நடத்துவார். 1974 தண்ணீர்ச் சட்டம், 1981 காற்றுச் சட்டம், போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1986-இல் வந்த சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம் வந்ததும் என்னைப் பார்த்து, உன் வீட்டுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். தெரியவில்லை. அன்று சாயங்காலம் அப்பாவும் நானும் வீட்டு வாசலிலிருந்து அலை ஏறி நிற்கிற கோடுவரை காலடி போட்டு அளந்தோம், நூறு மீட்டர்கூட இல்லை. 2011 அறிவிக்கைப்படி கிராமப் பகுதியில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிதாகக் கட்ட முடியாத பகுதி. 2019-இல் வந்த அறிவிக்கையில், 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருக்கிற இடங்களில் அது 50 மீட்டராகக் குறைந்தது. எங்கள் ஊர் மாதிரி வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கிற கடற்கரையில் இது சின்ன விஷயமா? மீனவன் வீடு கட்ட வசதி என்று ஒரு பக்கம் சொல்லலாம், யார் யாரெல்லாம் கடலை ஒட்டி வந்து கட்டப் போகிறார்கள் என்று இன்னொரு பக்கம் கேட்கலாம், சார் இரண்டையும் கேட்டார், பதிலை எங்களிடம் விட்டுவிட்டார். இந்த மாதிரி நாலு பேர் இருந்திருந்தால் நான் இந்த மதிப்புரையை வேறு மாதிரி எழுதியிருப்பேன். அவர் அடுத்த வருடம் வேறு வேலைக்குப் போய்விட்டார்.

தூண்டில் வளைவும் அப்படித்தான். ஒரு ஊரில் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டால் பக்கத்து ஊர்க் கரை அரிக்கும் என்று அப்பா நான் பிறந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். கரையோரமாக மணல் நகர்ந்துகொண்டே இருக்கிறது, நடுவில் தடுத்தால் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் பட்டினி கிடக்கும் என்று பாடத்தில் அம்புக்குறி போட்டுப் படித்தபோது, இதற்கா ஃபீஸ் கட்டினோம் என்று ஒரு நொடி தோன்றியது. பிறகு, அப்பா சொன்னால் அது சண்டை, வரைபடத்தோடு நான் எழுதினால் அது மனு, அந்த வித்தியாசத்துக்குத்தான் ஃபீஸ் என்று சமாதானம் ஆனேன்.

அப்புறம் மணல். கனிம மணல் ஆலை இருக்கிற மணவாளக்குறிச்சி எங்கள் ஊரிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம். சின்ன வயதில் பழைய ஸ்பீக்கரை உடைத்துக் காந்தத்தை எடுத்துக் கரிமணலில் புரட்டி முள்ளம்பன்றி செய்வோம். இல்மனைட் கறுப்பு, கார்னெட் சிவப்பு, மோனசைட் தேன் நிறம், அதில்தான் தோரியம் இருக்கிறது. ஜிர்கான், ரூட்டைல், சிலிமனைட் எல்லாம் அதே மணலில் கலந்து கிடக்கிறது, காந்தத்தில் ஒட்டுகிறதா, மின்சாரம் கடத்துகிறதா, எடை எவ்வளவு என்பதை வைத்து ஒவ்வொன்றாகப் பிரிக்கிறார்கள். 1909-இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர், திருவிதாங்கூரிலிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார் என்கிற கதையை முதன்முதலில் வகுப்பில் கேட்டபோது, நம்மூர்க் கயிற்றுத் தூசியைக்கூட விடாமல் உதறிப் பார்த்திருக்கிறானே என்று ஆச்சரியமாக இருந்தது. எங்கள் ஊரில் யாருக்குப் புற்றுநோய் வந்தாலும் மணல்தான் காரணம் என்பார்கள். கேரளத்தில் கருநாகப்பள்ளியில், இதே மாதிரி மணல் உள்ள கடற்கரையில், பல வருடம் மக்களைத் தொடர்ந்து கவனித்துச் செய்த ஆய்வில் இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று வந்திருக்கிறது. அதை ஊரில் சொன்னால் கம்பெனிக்காரன் ஆள் என்பார்கள், அதையே பிடித்துக்கொண்டு இங்கேயும் ஒன்றுமில்லை என்று சொன்னால் அது அறிவியல் ஆகாது. அது கருநாகப்பள்ளி, இது நம்மூர். மணலைத் தோண்டுவதும் அது சும்மா கிடப்பதும் ஒன்றல்ல. இந்த இரண்டு வாக்கியத்தையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளப் பழகியதுதான் நான் இந்தப் படிப்பில் பெற்ற பெரிய லாபம் என்று நினைக்கிறேன்.

2024-இல் கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில் கனிம மணல் எடுக்கிற திட்டத்துக்கு மக்கள் கருத்துக் கேட்பு என்று பேச்சு வந்து கடற்கரை ஊர்கள் கொதித்தபோது நாங்கள் மூன்றாம் செமஸ்டர். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்கிற பேப்பர் அப்போதுதான் ஓடிக்கொண்டிருந்தது, 2006 அறிவிக்கை, ஸ்க்ரீனிங், ஸ்கோப்பிங், மக்கள் கருத்துக் கேட்பு, மதிப்பாய்வு என்று நாலு படியை மனப்பாடம் பண்ணிக்கொண்டிருந்தோம். பத்து பதினைந்து கிலோமீட்டரில் அந்தப் பாடம் உயிரோடு நடக்கிறது. வகுப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பிரச்சினையாகிவிடும் என்றார்கள். நாங்கள் நாலு பேர் மட்டும் திட்டச் சுருக்கத்தை பிரிண்ட் எடுத்து, சாயாக்கடையில் உட்கார்ந்து, ரசவடையைத் தின்றுகொண்டே வரி வரியாகப் படித்தோம்.

ஜி.ஐ.எஸ். (இடத் தகவலைக் கம்ப்யூட்டரில் வரைபடமாக்கி ஆராய்வது) பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர்கள் பழையவை, சாப்ட்வேர் திறக்கவே ஒரு பீரியட் ஆகும். க்யூ.ஜி.ஐ.எஸ். சாப்ட்வேர் இலவசம், 1972 முதல் எடுத்த லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் இலவசம், யூடியூபும் அரசின் ஸ்வயம் ஆன்லைன் வகுப்புகளும் இருக்கின்றன, வீட்டில் ஒரு சுமாரான லேப்டாப் இருந்தால் நீங்களே கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளாமல் இருந்துவிடாதீர்கள், வேலை கேட்கிற இடத்தில் முதல் கேள்வியே அதுதான்.

சனிக்கிழமைகளில் தேரூர் போனதைச் சொல்லாவிட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன். விலங்கியல் பிள்ளைகள் கூட்டிக்கொண்டு போவார்கள், கல்லூரி பஸ் இல்லை, டவுன் பஸ், காலை ஆறரைக்குக் கரையில் நிற்போம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத் தொகுதி 2022-இல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் வந்தது, தொண்ணூற்று நாலு ஹெக்டேர்தான், ஆனால் கூழைக்கடா இறங்கும்போது குளமே சின்னதாகத் தெரியும். நீலத் தாழைக்கோழி தாமரை இலைமேல் நடக்கும். பக்கத்தில் வயல், இந்தப் பக்கம் ரோடு, பஸ் ஹாரன், எல்லாவற்றுக்கும் நடுவில் அதுகள் பாட்டுக்கு இருக்கும். ஒரு பக்கம் புத்தளம் உப்பளம், மணக்குடிக் காயல், இன்னொரு பக்கம் முப்பந்தல் காற்றாலை, மேலே பேச்சிப்பாறை, அதற்கும் மேலே காடு, ஒன்றரை மணி நேர பஸ் பயணத்துக்குள் கடல், காயல், வயல், ரப்பர், மலைக்காடு எல்லாம் வருகிற இடம் இது. வருடத்தில் இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் வேறு. இங்கே இருந்துகொண்டு இந்தப் படிப்பை ஸ்லைடில் நடத்துவது, குளத்தங்கரையில் உட்கார்ந்து வாளித் தண்ணீரில் குளிக்கிற கதை.

வேலை விஷயம். இங்கேதான் பெற்றோர் கவனமாகப் படிக்க வேண்டும். நம் மாவட்டத்தில் எம்.எஸ்சி., பி.எட். என்றால் டீச்சர் வேலை என்று ஒரு கணக்கு மனதில் ஓடும். அரசுப் பள்ளி முதுகலை ஆசிரியர் தேர்வில் சுற்றுச்சூழல் அறிவியல் என்று ஒரு பாடமே கிடையாது. வேதியியல், தாவரவியல், விலங்கியல் உண்டு, இது இல்லை. இதைச் சேரும்போது ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, இரண்டாம் வருடம் தோழி ஒருத்தி பி.எட். விசாரிக்கப் போன இடத்தில் தெரிந்து அழுதுகொண்டு வந்தாள். அதனால் வீட்டில் டீச்சர் கனவு இருந்தால் தயவுசெய்து உங்கள் பழைய பாடத்திலேயே எம்.எஸ்சி. பண்ணுங்கள். இன்னொரு குழப்பம், சுற்றுச்சூழல் பொறியியலும் இதுவும் ஒன்று என்று நினைப்பது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வடிவமைக்கிற வேலைக்கு இன்ஜினியர்தான் கேட்பார்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உதவிப் பொறியாளர் பணி அவர்களுக்கு, சுற்றுச்சூழல் விஞ்ஞானி என்கிற பணிக்கு நாம் எழுதலாம், ஆனால் அதற்கு கெமிஸ்ட்ரிக்காரர்களும் போட்டிக்கு வருவார்கள், அதுவும் எப்போதாவதுதான் வரும்.

கல்லூரி ஆசிரியர் ஆக நெட் எழுதலாம், அதில் சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பாடமாகவே உண்டு, ஜே.ஆர்.எஃப். என்கிற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆய்வு செய்ய மாதம் 37,000 ரூபாய், எங்கள் பக்கம் அது நல்ல பணம். பொறியியல், அறிவியல் பட்டதாரிகள் எழுதுகிற கேட் தேர்விலும் 2021 முதல் சுற்றுச்சூழல் அறிவியலும் பொறியியலும் சேர்ந்த ஒரு பேப்பர் வந்திருக்கிறது. தனியாரில் என்றால் தண்ணீர் பரிசோதனை லேப், தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கிற கன்சல்டன்சி, அப்புறம் நம்மூர் ஆட்களுக்குப் பழக்கமான வளைகுடா, அங்கே பாதுகாப்பு அலுவலர் வேலைக்கு நெபோஷ் என்கிற பாதுகாப்புச் சான்றிதழ் வேண்டும், அதற்குத் தனியாகச் செலவு. என் வகுப்பு பதினொரு பேரில் இந்தத் துறையிலேயே இருப்பது நாலு பேர். நான் ஒரு தனியார் லேபில் தண்ணீர் சாம்பிள் பார்க்கிறேன், சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. நேர்காணலில் பி.ஓ.டி. எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டார்கள், குளத்துக் கதையைச் சொன்னேன், தெர்மோகோல் பெட்டி வரை வந்ததும் போதும் என்று சொல்லி வேலையைக் கொடுத்தார்கள். என் மதிப்பெண் பட்டியலை யாரும் பார்க்கவில்லை.

நட்சத்திரம் போடச் சொன்னால் படிப்புக்கு நாலு, நான் படித்த இடத்துக்கு ஒன்றரை. அந்த அரையும் சட்ட சாருக்காக. செமஸ்டருக்கு 16,000 ரூபாய், லேப் ஃபீஸ் தனி. கெமிஸ்ட்ரியோ விலங்கியலோ நன்றாக வருகிற பிள்ளை, வெயிலில் நிற்கத் தயங்காதவள், யாரும் சொல்லாமலேயே விடியற்காலை ஐந்தரைக்குக் குளத்துக்குப் போகிற ஆள் என்றால் சேரலாம். வெளியூரில் விடுதியில் தங்க வீட்டில் விடுவார்கள் என்றால் ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மையம் இருக்கிறது, மலையடிவாரம், அதையும், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான நுழைவுத் தேர்வையும் முதலில் பாருங்கள். கடல்தான் பிடிக்கும் என்றால் அதே பல்கலைக்கழகத்தின் கடல்சார் மையம் நம் ராஜாக்கமங்கலத்திலேயே உண்டு. எங்கே போனாலும் லேபைக் கேளுங்கள், கடைசியாக வாங்கிய ரசாயன பாட்டிலின் தேதியைப் பாருங்கள், சீனியர் ஒருத்தியைத் தனியாகக் கூப்பிட்டு அவள் கையாலேயே எத்தனை சோதனை செய்திருக்கிறாள் என்று கேளுங்கள், ஆசிரியர் முன்னால் கேட்காதீர்கள்.

போன மாதம் சர்டிபிகேட்டுக்காக மறுபடியும் ஆபீசுக்குப் போனேன். கிளார்க் லீவு. ஜூனியர் ஒருத்தி வழியில் பார்த்து, அக்கா, புது இன்குபேட்டர் வந்திருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னாள். எத்தனை டிகிரியில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டேன். தெரியாதுக்கா, இன்னும் அட்டைப்பெட்டியைப் பிரிக்கவில்லை, மேலே பூத்தொட்டி வைத்திருக்கிறார்கள் என்றாள்.